ஒரே ராத்திரியில் 10 நாள் மாயம்! 1582 அக்டோபரில் என்ன நடந்தது?

[திரையில்: கைப்பேசி காலண்டர், 1582 அக்டோபர்]

கையில் ஐபோன் இருந்தால் காலண்டரைத் திறந்து பின்னாலேயே போய்க்கொண்டிருங்கள். 1582 அக்டோபர் வந்ததும் நிறுத்துங்கள். 4-ஆம் தேதி வியாழக்கிழமை. அதற்கு அடுத்தது? 15-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை! நடுவில் 10 நாளைக் காணோம். இது கோளாறு இல்லை. அந்த 10 நாள் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் போலந்திலும் நிஜமாகவே வரவில்லை.

வணக்கம் நண்பர்களே! அக்டோபர் மாதத்து வரலாற்றுச் செய்திகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். காரணத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஜூலியஸ் சீசர் கொண்டுவந்த காலண்டரில் ஒரு வருடத்துக்கு 365 நாள், 6 மணி நேரம். உண்மையான சூரிய வருடம் அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. ஒரு ஈடு இட்லி வேகிற நேரம், அவ்வளவுதான்! ஆனால் அது சேர்ந்து சேர்ந்து சுமார் 128 வருடத்துக்கு ஒரு நாள் பிசகிவிடும். மார்ச் 21-ஐ ஒட்டி வரவேண்டிய சம இரவு நாள், அதாவது பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நாள், 16-ஆம் நூற்றாண்டில் மார்ச் 11-க்கு வந்துவிட்டது. ஈஸ்டர் தேதியே அதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது என்பதால் திருச்சபைக்குப் பெரிய தலைவலி.

அலோய்சியஸ் லிலியஸ் என்ற இத்தாலிய மருத்துவர் தீர்வு சொன்னார். நூற்றாண்டு வருடங்களில் 400-ஆல் வகுபடுவது மட்டும்தான் லீப் வருடம். 2000 லீப் வருடம், 1900 இல்லை. எவ்வளவு சுருக்கமான விதி பாருங்கள்! ஆனால் அது நடைமுறைக்கு வந்ததைப் பார்க்க அவர் இல்லை, 1576-லேயே இறந்துவிட்டார். அவர் பெயரும் நம் நாவில் இல்லை. ஆணையிட்ட போப் 13-ஆம் கிரெகோரியின் பெயரைத்தான் காலண்டர் தாங்கி நிற்கிறது. லிலியஸுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிசகைச் சரிசெய்யத்தான் அந்த 10 நாளை நீக்கினார்கள். சரி, ஏன் அக்டோபர்? திருச்சபையின் விழாக்கள் குறைவாக உள்ள மாதம் என்பதால். கிழமை வரிசையில் மட்டும் கை வைக்கவில்லை; வியாழனுக்கு அடுத்து வெள்ளிதான். இன்னொன்று, என்னை அசர வைத்த விஷயம்: 10 நாள் குறைவதால் கடனோ தவணையோ கட்டவேண்டியவர்கள் பாதிக்கப்படக் கூடாது, கெடுவோடு 10 நாள் சேர்த்துக் கொடுங்கள் என்று போப்பின் ஆணையிலேயே இருக்கிறது. வானத்துக் கணக்கைச் சரிசெய்யும்போது கடன்காரனின் கணக்கையும் ஒருவர் யோசித்திருக்கிறார்!

அப்புறம் ஆவிலாவின் புனித தெரேசா என்ற ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி. ஸ்பெயினில் ஆல்பா டே டோர்மெஸ் என்ற ஊரில், சரியாக அந்த அக்டோபர் 4-ஆம் தேதி இரவில் இறந்தார். அவரை அடக்கம் செய்தது மறுநாளே. அந்த மறுநாளின் தேதி 15! இன்றைக்கும் அவருடைய திருநாள் அக்டோபர் 15-தான்.

எல்லா நாடும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பிரிட்டன் மாறியது 1752-இல். ரஷ்யா 1918-இல். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி பழைய காலண்டரில் 1917 அக்டோபர் 25. அதற்குள் வித்தியாசம் 13 நாளாகிவிட்டதால் புதிய காலண்டரில் அது நவம்பர் 7. அக்டோபர் புரட்சி நாள் ஏன் நவம்பரில் வருகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த வீடியோவை அனுப்புங்கள்.

[திரையில்: ஸ்புட்னிக், நான்கு ஆன்டெனாக்களுடன்]

இப்போது 4, 15 என்ற இரண்டு தேதிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1957 அக்டோபர் 4, உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் விண்ணுக்குப் போன நாள். 58 சென்டிமீட்டர் விட்டம், 83.6 கிலோ எடை கொண்ட உலோக உருண்டை, 96 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றியது. அக்டோபர் 15? நம் ராமேஸ்வரத்தில் 1931-இல் அப்துல் கலாம் பிறந்த நாள்! ஸ்புட்னிக் போன 11-ஆம் நாள் அவருக்கு 26 வயது நிறைந்தது. 1980-இல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்து சென்ற எஸ்எல்வி-3 திட்டத்துக்கு இயக்குநர் அவர்தான். தற்செயல்தான், ஆனாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

உங்கள் பிறந்தநாள் அக்டோபர் 5-க்கும் 14-க்கும் நடுவில் வருகிறதா? தேதியைக் கமெண்டில் போடுங்கள். அடுத்த வீடியோ பிரிட்டன் 11 நாளைத் தொலைத்த 1752 செப்டம்பர் பற்றி.