உப்புக் கணக்கு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஜூன் 29, புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் பிறந்த நாள். இயற்பியல் படித்துவிட்டு எண்களின் பக்கம் வந்தவர். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் பிறந்த நாளைத்தான் 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினம் என்று கொண்டாடுகிறோம். அவரைப் பாராட்ட எனக்குப் பின்னால் பேராசிரியர்கள் வரிசையாகக் காத்திருக்கிறார்கள். எனக்குத் தந்திருப்பது, முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு அடிப்படைகளைச் சொல்லும் வேலை.

சராசரி எல்லோருக்கும் தெரியும். கூட்டி, எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பட்டறையை வைத்துக்கொள்வோம். ஒன்பது தொழிலாளிகளுக்குத் தலா 15,000 ரூபாய் சம்பளம். முதலாளி எடுத்துக்கொள்வது 3,65,000. மொத்தம் ஐந்து லட்சம், ஆட்கள் பத்துப் பேர். சராசரி 50,000! ‘எங்கள் பட்டறையில் சராசரி வருமானம் ஐம்பதாயிரம்’ என்று முதலாளி போர்டு எழுதி மாட்டினால் அது பொய்யில்லை. ஆனால் அந்த ஐம்பதாயிரத்தை வாங்குகிற ஆள் அங்கே ஒருவர்கூட இல்லை. சம்பளங்களை ஏறுவரிசையில் எழுதி நடுவில் இருப்பதைப் பாருங்கள்: 15,000. இதுதான் இடைநிலை அளவு. முதலாளி தன் பங்கை ஒரு கோடியாக்கினாலும் இது அசையாது. வருமானம், வீட்டு விலை என்று யாராவது சராசரி சொன்னால், இடைநிலை அளவு என்ன என்று கேட்டுவிடுங்கள். பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அடுத்தது சிதறல். இரண்டு பஸ்கள். முதல் பஸ் ஐந்து நாளில் தாமதமாக வந்தது 9, 10, 11, 10, 10 நிமிடம். இரண்டாவது 0, 0, 5, 5, 40. இரண்டுக்கும் சராசரித் தாமதம் பத்து நிமிடம்தான். தேர்வு நாளன்று எதை நம்பி நிற்பீர்கள்? ஒவ்வொரு நாளும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று எழுதிக் கூட்டினால் விடை எப்போதும் பூஜ்யம். கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் விலகல்களை வர்க்கப்படுத்தி, அவற்றின் சராசரியை எடுத்து, வர்க்கமூலம் காண்கிறோம். முதல் பஸ்ஸுக்கு அது 0.6 நிமிடம், இரண்டாவதற்கு ஏறக்குறைய 15. திட்ட விலக்கம் என்று பாடப்புத்தகம் மிரட்டுவது இவ்வளவுதான்.

இதெல்லாம் கால்குலேட்டர் செய்துவிடும். அது செய்யாத வேலை ஒன்று இருக்கிறது: இந்த எண்ணை யார் கொடுத்தார், அதை உள்ளதைவிட அதிகமாக்கிச் சொல்வதில் அவருக்கு லாபம் உண்டா என்று கேட்பது.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தார்கள். வென்றவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46 அவருக்கு! முகவரிகளை டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் யார் வீட்டில் இருந்திருக்கும்? போதாக்குறைக்கு, நாலில் மூன்று பேர் பதிலே போடவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானை முழுக்க ஒரே தண்ணீரில் கொதிப்பதால் அது செல்லும். ஊர் அப்படி வேகுவதில்லை. அதனால்தான் யாரைக் கேட்பது என்பதை நம் வசதிக்கு விடாமல் குலுக்கலுக்கு விடுகிறோம். அப்படிக் குலுக்கி எடுத்த சிறு கூட்டம்தான் சமவாய்ப்பு மாதிரி. ஒழுங்காக எடுத்த சில ஆயிரம் பேர், இருபது லட்சம் பேரைத் தோற்கடிப்பார்கள்.

மாதிரி எடுக்கவே வழியில்லாவிட்டால்? புள்ளியியல் அறிஞர் சி.ஆர். ராவ் எழுதிவைத்திருக்கும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். 1947, டெல்லியில் பிரிவினைக் கலவரம். உயிருக்குப் பயந்த சிறுபான்மை மக்கள் பெருங்கூட்டமாகச் செங்கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். இன்னொரு கூட்டம் ஹுமாயூன் கல்லறை வளாகத்தில். சாப்பாட்டுப் பொறுப்பை அரசு கான்ட்ராக்டர்களிடம் விட்டிருந்தது. அவர்கள் போட்ட பில்லைப் பார்த்து அதிகாரிகளுக்குத் தலை சுற்றியது. உள்ளே எத்தனை பேர் என்பது தெரியாது. போய் எண்ணுகிற நிலைமையும் இல்லை. புள்ளியியலாளர்களைக் கூப்பிட்டார்கள்.

அவர்கள் கையில் இருந்தது அந்த பில் மட்டும்தான். அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, உப்பு இவ்வளவு. ஓர் ஆள் ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுவார் என்பது நுகர்வுக் கணக்கெடுப்புகளிலிருந்து தெரியும். உதாரணத்துக்கு, தலைக்குப் பத்து கிராம் உப்பு என்று வைத்தால், ஐம்பது கிலோ மூட்டை ஐயாயிரம் பேருக்குக் காணும். இப்படியே அரிசியையும் பருப்பையும் வகுத்துப் பார்த்தார்கள். பில் உண்மையாக இருந்தால் மூன்று விடையும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். வரவில்லை. அரிசிக் கணக்குப்படி ஆள் அதிகம், உப்புக் கணக்குப்படி குறைவு.

மூன்றையும் கூட்டிச் சராசரி போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும், தப்பாக. அவர்கள் உப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விலை உயர்ந்த அரிசியில் கூட்டி எழுதினால் காசு. மலிவான உப்பில் கூட்டி எழுதி கான்ட்ராக்டருக்கு என்ன கிடைக்கப்போகிறது? இந்த யோசனை மகலனோபிஸின் சகா ஜே.எம். சென்குப்தாவுடையது.

ஹுமாயூன் கல்லறைக் கூட்டம் சிறியது, ஆட்களின் எண்ணிக்கையைத் தனியாகச் சரிபார்க்க முடிந்தது. அங்கே உப்புக் கணக்கு உண்மைக்கு மிக நெருக்கமாக வந்தது.