மூடு சரியில்லையா, மனச்சோர்வா?

நேயர்களுக்கு வணக்கம். பத்தாவது, பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளை மனநல மருத்துவரிடம் கூட்டி வருகிற பெற்றோர் பெரும்பாலும் கேட்பது, "இது வயசுக் கோளாறா, வியாதியா டாக்டர்?" என்றுதான். ஒரு நாள் சண்டையை மட்டும் வைத்து அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. காலையில் கதவை அறைந்து சாத்திவிட்டு, சாயங்காலம் நண்பன் கூப்பிட்டதும் சிரித்துப் பேசுகிற பிள்ளையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், உங்கள் பிள்ளை ஆறு மாதத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்று யோசியுங்கள். மனச்சோர்வு என்று சொல்வதற்குக் குறைந்தது இரண்டு வாரம், கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி அந்த மனநிலை இருக்க வேண்டும்; கூடவே தூக்கம், பசி, கவனம், பிடித்த விஷயத்தில் ஆசை என்று பலவும் மாறியிருக்கும். மூலையில் உட்கார்ந்து அழுதால்தான் சோர்வு என்றில்லை. இந்த வயதில் அது பல நேரம் எரிச்சலாகத்தான் வெளியே வரும், அதனால்தான் வீட்டில் 'திமிர்' என்று பெயர் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் வைத்தியமில்லாமல் கிடக்கிறார்கள்.

தூக்கத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பருவ வயதில், தூக்கத்தை வரவைக்கிற மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே தாமதமாகிறது, அதனால் பத்து மணிக்குத் தூக்கம் வராதது பிள்ளையின் குற்றமில்லை. போனை நோண்டிக்கொண்டு இரண்டு மணிவரை விழித்திருந்தால் மறுநாள் வகுப்பில் தூங்கி வழியும், அதுவும் சகஜம். ஆனால் நாலைந்து நாள் தொடர்ந்து மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே தெரியாமல், நிறுத்தாமல் வேகவேகமாகப் பேசி, பெரிய பெரிய திட்டம் போட்டு, காசைக் கண்டபடி செலவழித்தால் பைபோலாரா, அதாவது மனச்சோர்வும் அளவுக்கு மீறிய வேகமும் மாறி மாறி வருகிற நோயா என்று பார்க்க வேண்டும். வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? "பையன் தேறிட்டான், சுறுசுறுப்பாயிட்டான்" என்று சந்தோஷப்படுவார்கள், டாக்டரிடம் சொல்லவும் மாட்டார்கள். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் பைபோலார் உள்ள சிலருக்கு அது தலைகீழாகத் திரும்பி, கட்டுக்கடங்காத வேகத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் அந்தச் சுறுசுறுப்பு நாட்களையும் சொல்லுங்கள், சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ மனநல வைத்தியம் நடந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். (பெண் கொடுக்க மாட்டார்கள் என்று மறைப்பதுதான் நம் ஊர் வழக்கம், தெரியும்.)

ஒரு நோட்டு போடுங்கள். எப்போது படுத்தது, எப்போது எழுந்தது, அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மார்க், பெண் பிள்ளை என்றால் மாதவிலக்குத் தேதி, அவ்வளவு போதும். பிள்ளையே எழுதட்டும், நீங்கள் ஒளிந்து நின்று வேவு பார்க்காதீர்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க இணையத்தில் கிடைக்கிற ஒன்பது கேள்விப் படிவம் சந்தேகத்தைக் காட்டும், நோய் இதுதான் என்று முடிவு சொல்லாது. டாக்டர் தைராய்டு, ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னால் பாருங்கள், அவை குறைந்தாலும் பிள்ளை சோர்ந்துதான் இருக்கும். அப்புறம், உங்களைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னால் கோபப்படாதீர்கள். கஞ்சா, காதல், பள்ளியில் நடக்கிற கேலி இதெல்லாம் அப்பா அம்மா முன்னால் வாயில் வராது.

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள், வீட்டில் இருக்கிற பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரி ஒரு மணிக்கு யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், பிள்ளையே கூப்பிட்டாலும் பேசுவார்கள்.