அடியை விட ஆபத்தானது அலட்சியம்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

முதியோர் கொடுமை என்றதும் அடி, உதை, போலீஸ் என்றே நினைப்பு ஓடுகிறது. ஆயுளைக் கணக்குப் பார்த்தவர்கள் கண்டது வேறு. அமெரிக்காவின் நியூ ஹேவனில் 65 வயதைத் தாண்டிய 2,812 பேரை 1982 முதல் 13 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். கொடுமைக்கு ஆளானது உறுதியானவர்களில் கடைசியில் உயிரோடு இருந்தவர்கள் 9 சதவீதம். முதியோர் பாதுகாப்புத் துறையின் பார்வைக்கே வராதவர்களில் 40 சதவீதம். வயது, நோய், மறதி, மனச்சோர்வு எல்லாவற்றையும் கழித்த பிறகும் கொடுமைக்கு ஆளானவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 3 மடங்கு. கொடுமைதான் கொன்றது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கொடுமை எந்த வழியில் ஆயுளைக் குறைக்கும் என்பது தெரிகிறது.

சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் ஒரு நேரம், சோறு ஒரு நேரம். படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் போட ஆளில்லை; முதுகில் புண், புண்ணிலிருந்து கிருமி இரத்தத்துக்கு. அடிக்கடி சிறுநீர் போகிறார் என்று தண்ணீரைக் குறைத்தால் சிறுநீரகம் கெடும். தினமும் ஏச்சு வாங்குபவர், கிளினிக்குக் கூட்டிப்போ என்று கேட்பதையே விட்டுவிடுவார். இதில் எதிலும் அடித்த காயம் தெரியாது.

நம் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது பென்ஷன். அட்டையும் பின் நம்பரும் யார் கையில்? வட்டிக்காரர் கடனுக்கு ஈடாக அட்டையைப் பிடித்து வைப்பது சட்டவிரோதம். பவர் எழுதி வாங்கிய பிள்ளைகளுக்கும் ஒன்று: எழுதிக் கொடுத்தவரின் புத்தி தவறிவிட்டால், இந்த நாட்டில் அந்தப் பவர் செல்லாது. உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில், சொத்தைக் கவனிக்க நிர்வாகி நியமனம் கேட்க வேண்டும். வீட்டைப் பிள்ளை பேருக்கு மாற்றியே தீர வேண்டுமானால், வாழ்நாள் அனுபவ உரிமையையும் பத்திரத்தில் பதியச் செய்யுங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், பெற்ற பிள்ளையாக இருந்தாலும்.

2006-ஆம் ஆண்டின் முதியோர் சட்டப்படி, கொடுமை என்று சந்தேகப்படும் டாக்டரும் நர்ஸும் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். கொடுமை செய்பவரை வீட்டைவிட்டு விலக்கி வைக்க அதில் இடமுண்டு.

காரியம் கெடுவது இங்கேதான். பல வீடுகளில் ஏசுபவரும் மருந்து கொடுப்பவரும் ஒரே ஆள். ஆகவே மனுப் போடுவதற்கு முன்பே, மறுநாள் காலை ஊசி யார் போடுவார், சோறு யார் கொடுப்பார் என்று சோஷியல் வொர்க்கரிடம் பேசி முடிவு செய்யுங்கள். மாத்திரைப் பட்டியல், கிளினிக் அட்டை, அடையாளப் புத்தகம் மூன்றையும் நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.