57.8-லிருந்து 76.3: ஜோ பர்ரோவின் இரண்டு ஆண்டுகள்

எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரே ஆட்டக்காரரின் இரண்டு ஆண்டுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018-இல் ஜோ பர்ரோ எறிந்த பந்துகளில் 57.8 சதவீதம் தன் அணியினர் கையில் சேர்ந்தது, 16 டச்டவுன், அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்தது 16 முறை. 2019-இல் 76.3 சதவீதம், 60 டச்டவுன். கல்லூரி மாறவில்லை, லூசியானா ஸ்டேட்தான், சுருக்கமாக எல்.எஸ்.யூ. கையும் அதே கைதான். "சின்ன ஊர்ப் பையன் உழைத்து முன்னுக்கு வந்தான்" என்று இதை முடித்துவிடுகிறார்கள். உழைப்பு உண்மை. ஆனால் 2018-இலும் அவர் உழைக்காமல் இருக்கவில்லையே. அப்படியானால் மாறியது என்ன? அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

விளையாட்டுப் பழக்கம் இல்லாதவர்களுக்கு இரண்டு வரி. அணிக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். குனிந்து நிற்கும் சென்டர், பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் அனுப்புவார். அதற்குப் பெயர் ஸ்னாப். அதை வாங்குகிறவர் குவார்ட்டர்பேக். பர்ரோவின் இடம் அதுதான். வாங்கியதிலிருந்து ஏறத்தாழ மூன்று வினாடி அவருக்கு உண்டு. அதற்குள் எறிய வேண்டும், அல்லது ஓட வேண்டும், இல்லையென்றால் 130 கிலோ ஆள் ஒருவர் மேலே வந்து விழுவார்.

பர்ரோ பிறந்தது அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில், 1996 டிசம்பரில். வளர்ந்தது தென்கிழக்கு ஒஹாயோவின் ஏதென்ஸ் கவுண்டியில். அப்பலாச்சியா மலைச் சரிவு அது. நிலக்கரிச் சுரங்கங்கள் ஓய்ந்துபோன பிறகு வறுமை தங்கிவிட்ட பகுதி. ஏதென்ஸ் உயர்நிலைப் பள்ளி இருப்பது 'தி பிளெய்ன்ஸ்' என்ற சிற்றூரில். அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பையனின் அப்பா ஜிம்மி பர்ரோ, அப்போது ஒஹாயோ பல்கலைக்கழக அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளர். அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியில் ஆடியவர்கள். ஆகவே ஊர் ஏழை ஊர், வீடு ஃபுட்பால் வீடு. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை நேர்மையாக இருக்கும். எதிரணித் தடுப்பு எப்படி யோசிக்கும் என்பதைத் தொழிலாகவே வைத்திருந்த அப்பாவோடு வளர்ந்த பையன் அவர்.

அவர் வருமுன் பிளேஆஃபில் ஓர் ஆட்டம்கூட வென்றிராத பள்ளி அது. அதை 2014-இல் மாநில இறுதிவரை கொண்டுபோனார். இறுதியில் 56–52 என்று தோற்றார்கள். அந்த ஆண்டு 63 டச்டவுன் எறிந்து, எதிரணியிடம் பந்தைக் கொடுத்தது இரண்டே முறை.

பிறகு ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம். மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் ஓரத்து பெஞ்சில். ஜே.டி. பேரட் என்ற குவார்ட்டர்பேக் முன்னால் இருந்தார். 2017 சீசன் தொடங்குமுன் பர்ரோவின் கை எலும்பு முறிந்தது. அந்த இடைவெளியில் இன்னொரு குவார்ட்டர்பேக் டுவைன் ஹாஸ்கின்ஸ் மேலே வந்துவிட்டார். மூன்று ஆண்டுக்கும் சேர்த்து பர்ரோ எறிந்தது 39 பந்து. அன்றைய விதிப்படி, கல்லூரி மாறினால் ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டும். பட்டம் முடித்தவருக்கு மட்டும் விலக்கு. பர்ரோ மூன்றே ஆண்டில் பட்டத்தை முடித்திருந்தார். 2018 கோடையில் எல்.எஸ்.யூ.வுக்குப் போனபோது உடனே ஆட முடிந்ததும், கையில் இரண்டு ஆண்டு மிச்சம் இருந்ததும் அதனால்தான். வகுப்பறையில் சம்பாதித்த இரண்டு ஆண்டுகள் அவை. இதை யாரும் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

2018-இல் ஏன் 57.8? வசந்தகாலப் பயிற்சியே கிடைக்காமல் வந்து சேர்ந்தார். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர் ரிசீவர். எந்த ரிசீவர் எந்த அடியில் திரும்புவார் என்பது கண்ணுக்குப் பழகவே மாதங்கள் ஆகும். இன்னொன்று, ஆட்ட முறை. குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்ற, முன்வரிசையில் நின்று தடுக்கும் லைன்மேன் ஐவரோடு இன்னும் இரண்டு பேரைக் காவலுக்கு நிறுத்துவது அங்கே வழக்கம். பாதுகாப்புதான். ஆனால் எறிந்தால் பிடிக்க மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். அவர்களைத் தடுக்க எதிரணியில் ஏழு பேர்கூட பின்னால் நிற்கலாம். பர்ரோ எவ்வளவு வேகமாகக் கணித்தாலும் எறிவதற்கு இடம் இருக்காது.

2019-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளரைத் தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜரான் அழைத்துவந்தார். பிரேடியும் தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கரும் காவலுக்கு நின்றவர்களையும் வெளியே ஓட விட்டார்கள். ஐந்து பேர் காவல், ஐந்து பேர் ஓட்டம். இப்போது எதிரணி ஆறு பேரை அனுப்பினால் ஒருவர் தடையில்லாமல் குவார்ட்டர்பேக் மேல் வருவார், அது உறுதி. அந்த ஒருவர் யார் என்பதை ஸ்னாப்புக்கு முன்பே குவார்ட்டர்பேக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் விட்டுவந்த இடம் காலியாக இருக்கும், பந்து அங்கே போக வேண்டும். பந்து வருமுன் ஃபீல்டர்களைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளும் பேட்ஸ்மேனின் வேலை மாதிரிதான், ஆனால் இங்கே ஃபீல்டர்கள் வேண்டுமென்றே பொய்யான இடத்தில் நிற்பார்கள்.

இதில் எங்கே சறுக்குகிறார்கள்? மூன்று இடங்களில். ஓடிவருகிறவனைப் பார்த்துக் கண்ணைத் தாழ்த்துவது முதலாவது. தாழ்த்திய நொடியில் தூரத்தில் இருப்பது தெரியாது. முதல் ரிசீவரையே முறைத்துக்கொண்டிருப்பது அடுத்தது; எதிரணியில் கடைசியாகப் பின்னால் நிற்கும் தடுப்பாளரான சேஃப்டி அந்தப் பார்வையைப் படித்து முந்திக்கொள்வார். எல்லாவற்றிலும் மோசமானது, நடுக்களத்துக்குள் தாமதமாக எறிவது. பந்து எதிரணிக்குப் போவது பெரும்பாலும் அங்கேதான். பர்ரோ 2019-இல் எறிந்தது 527, எதிரணியிடம் போனது 6.

ஆர்.பி.ஓ. (ரன்-பாஸ் ஆப்ஷன், ஓடுவதா எறிவதா என்று கடைசி நொடியில் முடிவெடுப்பது) என்ற உத்தியும் உண்டு. லைன்மேன்கள் ஓட்ட ஆட்டத்துக்குத் தடுப்பார்கள். குவார்ட்டர்பேக் எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஒரே ஒரு லைன்பேக்கரை மட்டும் பார்ப்பார். அவர் முன்னே வந்தால் அவர் தலைக்குப் பின்னால் பந்து. பின்வாங்கினால் பந்து, அதை ஏந்தி ஓடும் ரன்னிங்பேக் கையில். கல்லூரி விதிப்படி எறியும் ஆட்டத்தில் லைன்மேன் 3 யார்டுக்கு மேல் முன்னேறக் கூடாது. ஆகவே தயங்கினால் நடுவரின் அபராதக் கொடி விழும், 5 யார்டு போச்சு.

2019 செப்டம்பர் 7, டெக்சாஸ் ஆட்டத்தைப் பாருங்கள். எல்.எஸ்.யூ. 37, டெக்சாஸ் 31. முடிய இரண்டரை நிமிடம். மூன்றாவது முயற்சி, 17 யார்டு தேவை. பந்தை ஓடவிட்டு நேரத்தைக் கரைத்து, உதைத்துக் கொடுத்துவிடுவது பத்திரமான வழி. அவர்கள் எறிந்தார்கள். டெக்சாஸ் கூடுதல் ஆட்களை ஏவியது. பர்ரோ கண்ணைத் தாழ்த்தாமல் காலை மட்டும் நகர்த்தி, வருகிறவரிடமிருந்து விலகி ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு எறிந்தார். அவர் பிடித்து ஓடி முடித்தது 61 யார்டு. ஆட்டம் 45–38. 2018-இன் ஆட்ட முறையில் அந்த எறிதலை அழைத்தே இருக்கமாட்டார்கள் என்பது என் கணிப்பு.

துணைக்கு நின்றவர்களைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஜெஃபர்சன், ஜமார் சேஸ், டெரஸ் மார்ஷல், ரன்னிங்பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹிலேர்; நாட்டின் சிறந்த லைன் என்று ஜோ மூர் விருது வாங்கிய ஐவர். அலபாமாவை 46–41. அரையிறுதியில் ஓக்லஹோமாவுக்கு எதிராக முதல் பாதியிலேயே ஏழு டச்டவுன் எறிதல். 2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸில் தேசிய இறுதியில் கிளெம்சனை 42–25 என்று வென்று, ஆடிய 15 ஆட்டத்திலும் வெற்றி. ஏப்ரலில் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, சின்சினாட்டி பெங்கால்ஸ் பர்ரோவை முதல் ஆளாக எடுத்தது.

அதற்கு முன், 2019 டிசம்பரில், சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் டிராபி மேடையில், 1,846 வாக்குப் புள்ளி வித்தியாசத்தில் வென்ற பர்ரோ, பள்ளி விட்டு வீடு போனால் தட்டில் சாப்பாடு இல்லாத ஏதென்ஸ் கவுண்டிப் பிள்ளைகளுக்காகத் தான் அங்கே நிற்பதாகச் சொன்னார். அந்த ஊர்க்காரர் ஒருவர் 1,000 டாலர் இலக்கு வைத்து உள்ளூர் உணவு வங்கிக்கு நிதி திரட்டத் தொடங்கினார். அது 5 லட்சம் டாலரைத் தாண்டியது.

அந்த 2019 ஆட்டங்களின் காணொளி கிடைத்தால், பந்தைப் பார்க்காதீர்கள். ஸ்னாப்புக்கு முன் தடுப்பின் கடைசி இரண்டு பேர், அதாவது சேஃப்டிகள், எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்னாப் ஆனதும் அவர்கள் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு பின்னோட்டி, பர்ரோவின் தலை எந்த நொடியில் திரும்புகிறது என்று பாருங்கள். நான்கைந்து ஆட்டம் இப்படிப் பார்த்தால், பந்து எங்கே போகும் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.