மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவரைத் தேடி வருகிறவர்களில் பலர் சொல்லும் முதல் வாக்கியம், "மூச்சு வாங்குகிறது" என்பதுதான். மனித உடலின் உறுப்பு மண்டலங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது, மண்டலம் மண்டலமாக வரிசைப்படுத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த இரண்டு சொற்களைப் பிடித்துக்கொண்டே உடலுக்குள் போய்ப் பார்ப்போம். சுவாச மண்டலம், இரத்த ஓட்ட மண்டலம், நரம்பு மண்டலம் என்பதெல்லாம் படிப்பதற்காக நாம் பிரித்துக்கொண்ட பாடங்கள். நோயாளியின் உடலுக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

மூச்சு என்றதும் எல்லோருடைய கையும் நெஞ்சுக்குத்தான் போகிறது. எனவே நுரையீரலிலிருந்து தொடங்குவோம். ஓய்வாக இருக்கும்போது வளர்ந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. அதில் 150 மில்லிலிட்டர் காற்று குழாய்களிலேயே நின்று, பயன்படாமல் திரும்பிவிடுகிறது. மீதிதான் காற்று நுண்ணறைகளை எட்டுகிறது. கோடிக்கணக்கான நுண்ணறைகள். அவற்றை விரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். அறைக்கும் அதைத் தழுவி ஓடும் தந்துகி என்ற மிக மெல்லிய இரத்தக் குழாய்க்கும் நடுவே இருக்கும் சுவரின் தடிமன், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அந்தத் தந்துகியைக் கடக்க ஒரு சிவப்பணுவுக்கு ஏறக்குறைய முக்கால் விநாடி ஆகிறது. ஆனால் முதல் கால் விநாடியிலேயே அது ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டுவிடுகிறது. மிச்சமிருக்கும் அரை விநாடியை உடலின் கைச்சேமிப்பு என்பேன். நாம் ஓடும்போது இரத்தமும் விரைந்து ஓடுகிறது. தந்துகியில் சிவப்பணு தங்கும் நேரம் கால் விநாடியாகச் சுருங்கினாலும் வேலை முடிந்துவிடுகிறது. நுரையீரலில் தழும்பு விழுந்து அந்தச் சுவர் தடித்துப் போனவருக்கு இந்தச் சேமிப்பு இல்லை. உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு ஒன்றும் தெரியாது, மாடிப்படி ஏறினால் திணறிப்போவார். "எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது?" என்று மருத்துவர் கேட்டால் அது பேச்சுக்காகக் கேட்பதல்ல. அந்த அரை விநாடியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கிறார்.

இனி ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலம். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இரவு நேர இருமலும் இரைப்புமாக வந்தார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டால் சீழ்க்கைச் சத்தம். ஆஸ்துமா என்று முடிவு கட்டி, உறிஞ்சும் மருந்தை எழுதிக் கொடுத்தோம். மூன்று வாரம் ஆகியும் குணம் தெரியவில்லை. மூத்த மருத்துவர் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் அம்மா?" அவர் சொன்னார்: "முன்பெல்லாம் ஒன்றுதான் ஐயா. பிறகு இரண்டு, மூன்று என்று ஆகிவிட்டது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன்." நாங்கள் யாருமே அதைக் கேட்டிருக்கவில்லை. அவருடைய நோய் இதயத்தில் இருந்தது.

இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. வலப்பக்கம் நுரையீரலுக்கு, இடப்பக்கம் மற்ற எல்லா உறுப்புகளுக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இறைத்தாக வேண்டும். இடப்பக்கம் களைத்துவிட்டால், வந்து சேரும் இரத்தத்தை அதனால் முழுவதும் வெளியே தள்ள முடியாது. பின்னால் இருக்கும் நுரையீரலில் அழுத்தம் ஏறி, தந்துகிகளிலிருந்து நீர் கசிகிறது. படுத்ததும் கால்களிலும் வயிற்றிலும் இருந்த இரத்தம் நெஞ்சை நோக்கித் திரும்புவதால் கசிவு கூடுகிறது. எழுந்து உட்கார்ந்தால் குறைகிறது. அந்த அம்மாவின் தலையணைகள் ஒவ்வொன்றாகக் கூடியதற்குக் காரணம் இதுதான்.

இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி எழுதினார். இதயத்திலிருந்து புறப்படும் தமனியிலிருந்து, இதயத்துக்குத் திரும்பும் சிரைக்கு அது எந்த வழியாகப் போகிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1661-இல், இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பிகி நுண்ணோக்கியில் தவளையின் நுரையீரலைப் பார்த்தபோது அந்தத் தந்துகிகள் தெரிந்தன. ஹார்வி அதைப் பார்க்காமலே போய்விட்டாரே என்று எனக்கு இன்றும் மனம் வருந்தும்.

சரி, அந்த அம்மாவுக்கு என்ன மருந்து கொடுத்தோம்? சிறுநீரைப் பெருக்கும் மருந்து. இரைப்பது நெஞ்சு, மருந்து வேலை செய்வது சிறுநீரகத்தில். இதற்குள் ஒரு வருத்தமான கதை இருக்கிறது. இதயம் இறைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இரத்தம் சிறுநீரகங்களுக்குப் போகிறது. நாள் ஒன்றுக்கு 180 லிட்டர் நீரை அவை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. இதயம் களைத்தால் அங்கே வந்து சேரும் இரத்தம் குறைகிறது. இதயத்துக்கு வந்த நோயைச் சிறுநீரகம் அறியாது. உடலில் நீர் வற்றிவிட்டது என்றே எடுத்துக்கொண்டு, ரெனின் என்ற நொதியைச் சுரந்து, உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. காயம் பட்டு இரத்தம் இழந்தவரைக் காப்பாற்றும் அதே ஏற்பாடு, இதய நோயாளியின் நுரையீரலை நீரால் நிரப்புகிறது. ஓர் உறுப்பு தன் கடமையைப் பிழையில்லாமல் செய்தும் உடலுக்குக் கெடுதல் நேர்கிறது என்பதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

சிறுநீரகமே பழுதானாலும் மூச்சு வாங்கும். நீர் தேங்குவது ஒரு காரணம். இரத்தத்தில் அமிலம் சேர்வது இன்னொன்று. அமிலத்தைக் குறைப்பதற்காக, உடல் ஆழ்ந்து மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. நீரிழிவு முற்றி மயங்கியவர்களிடம் இத்தகைய மூச்சைக் கண்டு 1874-இல் விவரித்தவர் அடால்ஃப் குஸ்மௌல். மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது. சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். விநாடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல் புதிதாகப் பிறந்தாக வேண்டும். தூண்டுதல் நின்றால் இரத்தசோகை வருகிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் அணுக்கள் குறைவதால் மூச்சு வாங்குகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டினால் பலர் நிம்மதி அடைகிறார்கள். சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டுமே அந்தக் கருவி சொல்கிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது. கடுமையான இரத்தசோகையிலும் 98 காட்டும். இறைக்கும் குடங்கள் பாதியாகிவிட்டன, ஆனால் ஒவ்வொரு குடமும் நிறைகுடம்தான்!

மூச்சை நடத்துவது மூளையின் அடியில் உள்ள முகுளம். அது முதன்மையாகக் கவனிப்பது ஆக்சிஜனை என்றுதான் பலரும் நினைக்கிறோம். 1905-இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டியது வேறு. சாதாரண நிலையில் மூச்சின் அளவைத் தீர்மானிப்பது கரியமில வாயு. மூச்சை அடக்கும்போது வரும் தவிப்பு பெரும்பாலும் அதனால்தான். நீரில் மூழ்கி நீந்தப் போகும் முன் வேகவேகமாக மூச்சுவிடும் பழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். கரியமில வாயு குறைந்துபோவதால் தவிப்பு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும்.

பதற்றத்தில் வரும் மூச்சுத் திணறலிலும் இதே வாயுதான் குறைகிறது. விரல்களும் உதடுகளும் மரத்துப்போகும். அது நடிப்பல்ல. ஆனாலும் மற்ற காரணங்களைத் தேடிப் பார்த்த பிறகே "இது பதற்றம்" என்று சொல்ல வேண்டும்.

முகுளம் உத்தரவிட்டாலும் அதைக் கொண்டுசேர்க்க நரம்பு வேண்டும், நிறைவேற்ற உதரவிதானம் என்ற தசை வேண்டும். 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது அந்த நரம்புகள்தான் செத்தன. முதல் வாரங்களில் சுவாசக் கருவியில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துவிட்டார்கள். இரத்தப் பரிசோதனையில் தெரிந்த மாற்றத்துக்குக் காரணம் என்னவென்று மருத்துவர்கள் குழம்பினார்கள். மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சன்தான், மூச்சு போதாமல் கரியமில வாயு தேங்கியதால் வந்த மாற்றம் அது என்று கண்டுகொண்டார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ஒரு பையைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றைச் செலுத்தச் சொன்னார். அமுக்குவதற்கு ஏறக்குறைய 1500 மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு வந்தார்கள். இரவும் பகலும், மாதக்கணக்கில். ஒரு பிள்ளையின் மூச்சு இன்னொரு பிள்ளையின் உள்ளங்கையில் இருந்தது. இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அங்கிருந்து வளர்ந்தவைதான்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, மூச்சு வாங்குகிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எப்போது தொடங்கியது, படுத்தால் கூடுகிறதா, எத்தனை தலையணை, கால் வீங்குகிறதா, சிறுநீர் குறைந்ததா, எத்தனை படி ஏற முடிகிறது என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள். திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சுவலி சேர்ந்து வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த இரவிலேயே அவசர சிகிச்சைக்குக் கிளம்பிவிடுங்கள்.

வணக்கம்.