இது தேனீயும் இல்லை, தேன்சிட்டும் இல்லை! | மேற்குத் தொடர்ச்சி மலையின் இரண்டு அழகிகள்

எல்லோருக்கும் வணக்கம். முதலில் இந்த கிளிப்பைப் பாருங்கள். மரங்களுக்கு நடுவே காற்றில் விட்ட மெல்லிய காகிதம் மாதிரி மிதந்து வருகிறதே, அதுதான் மலபார் ட்ரீ நிம்ஃப் என்ற பட்டாம்பூச்சி. வெள்ளைச் சிறகு, கறுப்புப் புள்ளிகள், விரித்தால் 12 சென்டிமீட்டருக்கு மேல். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

இவ்வளவு பெரிய பூச்சி, இவ்வளவு மெதுவாகப் பறந்தால் பறவைகள் விடுமா? விடும். இதன் புழு அரளிக் குடும்பத்துக் கொடிகளைத் தின்று வளர்கிறது. வளர்ந்த பூச்சியும் வாய்க்கு ஒவ்வாத நச்சு வகை. ஓடி ஒளிய வேண்டிய அவசியமே இல்லை.

சரி, இப்போது அடுத்த கிளிப். நல்ல வெயிலில் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கிறது பாருங்கள். பார்த்தவுடன் பெரிய வண்டு என்றுதான் தோன்றும். இது காபிச் செடியில் வளரும் ஹாக் மாத், பகலில் பறக்கும் அந்துப்பூச்சி. கூட்டிலிருந்து வெளிவரும்போது சிறகில் சாம்பல் நிறச் செதில்கள் இருக்கும். முதல் பறத்தலிலேயே அவை உதிர்ந்து, சிறகு கண்ணாடியாகிவிடும்! எனக்கு இந்தப் பூச்சியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இதனிடம் அந்த நச்சுப் பாதுகாப்பு கிடையாது. கொட்டும் பூச்சி போன்ற தோற்றமும் வேகமும்தான் துணை. பின்சிறகின் அடியில் இருக்கும் ஒரு முள் முன்சிறகோடு கொக்கி போட்டுக்கொள்வதால், இரண்டு சிறகும் ஒன்றாகவே அடிக்கும். பட்டாம்பூச்சிக்கு அந்தக் கொக்கி இல்லை. அப்புறம், ஹாக் மாத் பூவில் உட்காராமலே நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிக்கும். அந்தரத்தில் நிற்க ஏராளமான சக்தி செலவாகும், அதனால்தான் பூவுக்குப் பூ அந்த ஓட்டம்.

குழப்பம் வந்தால் உணர்கொம்பைப் பாருங்கள். பட்டாம்பூச்சிக்கு நுனியில் குமிழ் இருக்கும். ஹாக் மாத்துக்கு நுனி கூராகி, கொக்கி போல லேசாக வளைந்திருக்கும்.

ட்ரீ நிம்ஃபைப் பார்க்க காட்டுக்குத்தான் போக வேண்டும். ஹாக் மாத் வீட்டுத் தோட்டத்துக்கே வரும். கார்டீனியா செடியில் வாலில் கொம்போடு இதன் பச்சைப் புழு இருந்தால், தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். அந்தக் கொம்பு கொட்டாது. நாலு இலை போனால் செடி மறுபடி துளிர்த்துக்கொள்ளும்.