மாதா எந்த பஸ்ஸில் வந்தார்?

நடுவர் ஐயாவுக்கும் பங்குத்தந்தைக்கும் வணக்கம். நம் கோயில் தேர் கிளம்புவதற்குள் இந்தப் பட்டிமன்றத்தை முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பாக்கி வணக்கங்களைத் தேர் நிலைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கத்தோலிக்க விசுவாசம் நம்மை முதலில் அழைப்பது செபத்துக்கா, பகிர்வுக்கா? இதுதான் தலைப்பு. எனக்குக் கொடுத்திருப்பது பகிர்வு. போன வருடம் வேறொரு பங்கில் செபத்துக்குப் பேசினேன். அதை இங்கே யாரும் கிளற வேண்டாம்.

எதிரணி டீச்சர் என்ன சொன்னார்? "கூலி, நீதி என்று பேசுகிற இவர் கட்சி ஆபீஸுக்குக் கிளம்பியவர். மதுரைப் பெரியார் பஸ் நிலையத்தில் பஸ் மாறி ஏறி, நம் கோயில் வாசலில் இறங்கிவிட்டார்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். முதல் வரிசையில் என் வீட்டுக்காரி தட்டியதுதான் பலமாகக் கேட்டது.

டீச்சர், 1891-இல் திருத்தந்தை பதிமூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' என்று ஒரு சுற்றுமடல் எழுதினார். அவர் சோசலிசத்தை மறுத்தவர். சொத்து வைத்துக்கொள்வது மனிதனின் உரிமை என்றவர். அதே மடலில்தான், உழைத்தவனுக்குச் சேர வேண்டிய கூலியை ஏய்ப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்றார். தொழிலாளி சங்கம் சேரலாம் என்றார். 2025-இல் வந்த புதிய திருத்தந்தை லியோ என்ற பெயரை எடுத்ததற்கு இந்த மடலைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னார். ரோமாபுரியிலுமா பஸ் மாறிப்போகிறது?

சரி, ரோமாபுரி தூரம். நம் மாதாவிடமே வருவோம். லூக்கா முதல் அதிகாரத்தில் மாதா பாடுகிறார்: "பசித்தோரை நலன்களால் நிரப்பியுள்ளார், செல்வரை வெறுங்கையராய் அனுப்பிவிடுகிறார்." வலியோரை அரியணையிலிருந்து தூக்கி எறிந்ததையும் பாடுகிறார். கர்ப்பிணிப் பெண், மலைநாட்டுக்கு விரைந்துபோன கையோடு பாடிய பாட்டு. மாதா எந்த பஸ் ஏறி வந்தார் என்று டீச்சர் சொல்லட்டும், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

சொல்ல மாட்டார். அதனால் ஒரு கதை சொல்கிறேன். என் அப்பத்தா சொன்னது.

மேலூர் பக்கம், பெரியாறு கால்வாய்ப் பாசனம். அப்பத்தா களை எடுக்கப் போகும். நிலத்துக்காரரும் நம்மவர்தான், பெரிய பக்திமான். பொழுது சாய்ந்தால் பெண்கள் கூலிக்கு அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அவர் திண்ணையில் செபமாலையோடு உட்கார்ந்திருப்பார். இவர்கள் வாயைத் திறந்தால் 'செபம் நடக்கிறது, பொறு' என்று கையைக் காட்டுவார். மாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருண்டு முடியும். முடிந்ததும் மறுபடி முதல் மணியைப் பிடிப்பார். இருட்டியதும் பெண்கள் 'நாளைக்குப் பார்ப்போம்' என்று போய்விடுவார்கள்.

ஒரு நாள் அப்பத்தா போகவில்லை. சேற்றுக் காலோடு திண்ணைக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தது. அவர் "அருள் நிறைந்த மரியே" என்றதும், அவரைவிடச் சத்தமாகப் பதில் சொன்னது. மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள். கடைசி மணி முடிந்தது. அவர் அடுத்த சுற்றுக்கு மூச்சு இழுக்கிறார். அதற்குள் அப்பத்தா மாதா பிரார்த்தனையை எடுத்துவிட்டது! "நோயாளிகளின் ஆரோக்கியமே." எல்லோரும், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." "பாவிகளுடைய அடைக்கலமே." "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." அவரும் சொல்லத்தானே வேண்டும்? பக்திமான் ஆயிற்றே! அடுத்து அப்பத்தா, ராகம் மாறாமல்: "களை எடுத்தவளின் கூலியே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" அவர் வாயும் சேர்ந்து சொல்லிவிட்டது.

பின்னால் சமையல் கொட்டகையில் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தரம் சொல்கிறேன். "களை எடுத்தவளின் கூலியே." நீங்கள் சொல்லுங்கள்! ஆங்... இந்தச் சத்தம் அன்றைக்கு அந்தத் தெருக்கோடி வரை கேட்டதாம். அவர் எழுந்து உள்ளே போய்ப் பணத்தோடு வந்தார். பழைய பாக்கியும் சேர்த்து. அப்பத்தா எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் "ஆமென்" சொன்னதாம்.

நடுவர் சிரிக்கிறார். மணியையும் அடித்துவிட்டார். ஒரே நிமிடம் ஐயா.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி அடிகளார் நமக்குத் தெரிந்தவர்தான். இயேசு சபைக் குரு. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காகப் பேசியவர். 2020 அக்டோபரில் கைதானார். வழக்கைப் பற்றி நான் பேசவில்லை. விசாரணையே தொடங்காமல் 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில் போய்விட்டார். நடுக்குவாதத்தில் கை ஆடும். டம்ளர் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்க ஒரு குவளை கேட்டார். சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், உடனிருக்கும் இரண்டு கைதிகள் தன் துணியைத் துவைத்துப் போடுகிறார்கள், முழங்காலைப் பிடித்துவிடுகிறார்கள் என்று சொன்னார். மிகவும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், அவர்களை உங்கள் செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்.

பார்த்தீர்களா, செபத்தைத்தானே கேட்டார் என்று டீச்சர் எழுவார். எழட்டும். தனக்காகவா கேட்டார் டீச்சர்? "சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள்" என்று ஆண்டவர் மத்தேயு 25-இல் சொன்னாரே, அந்த வேலையை அங்கே செய்தவர்கள் யார்? பேர் தெரியாத இரண்டு கைதிகள். அவர்கள் ஞானஸ்நானம் வாங்கினவர்களா என்றுகூட எனக்குத் தெரியாது. இன்றைக்குத் தேருக்குப் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு வரும்போது அந்த இருவருக்காகவும் ஒரு மணி உருட்டுங்கள். டீச்சரும் உருட்டட்டும்.

நன்றி, வணக்கம்.